மூன்றாவது மூட்டையில் வரதன்

1984 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்பத்தூர் எஸ்டேட்டில் கலைமணி வால்வ்ஸ் கம்பெனி மைதானத்தில் சின்னசாமி அடித்த பேஸ்பால் பந்து இன்றுவரை கீழே இறங்கவில்லை. தென்னைமரத்தைப் போல இரண்டு மடங்கு உயரம் போய், மேற்கே லேசாகச் சாய்ந்து, அப்படியே நின்றுவிட்டது. பந்து நின்றதைக் கூட்டம் கவனிக்கவே கொஞ்ச நேரம் பிடித்தது. எல்லோரும் அது விழப்போகிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருட்டியதும் அம்பயர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, பந்து ஆகாயத்தில் இருக்கிறவரை ஆட்டம் முடியவில்லை என்று அறிவித்துவிட்டு, கடைசி மின்சார ரயிலைப் பிடிக்கப் போனார். அவர் திரும்பி வரவில்லை. வில்லிவாக்கத்தில் அவருக்கு வேறு வேலைகள் இருந்தன.

கபடியும் கிரிக்கெட்டும் ஆடிக்கொண்டிருந்த ஊருக்குப் பேஸ்பால் வந்த கதை சின்னது. 1981ல் ஜப்பானிலிருந்து ஒரு மெஷின் வாங்கினார்கள். அதை மாட்டிக்கொடுக்க நாகசாவா என்ற எஞ்சினியர் முன்னதாகவே விமானத்தில் வந்து இறங்கிவிட்டார். மெஷின் கப்பலில் வந்து துறைமுகத்தில் மாட்டிக்கொண்டது. எட்டு மாதம் அவருக்கு வேலையில்லை. தொழிலாளிகள் அவரை நாகசாமி சார் என்று கூப்பிட்டார்கள். அவர் அவர்களுக்குப் பேஸ்பால் சொல்லிக்கொடுத்தார். பூந்தமல்லியில் கட்டில் கால் கடைகிற ஆசாரி மட்டை கடைந்தார். ஓடிப்போய் நிற்கவேண்டிய மூன்று இடங்களுக்கு, மெத்தை தைக்கிறவர் கித்தான் துணியில் தேங்காய் நாரை அடைத்து மூன்று மூட்டைகள் தைத்துக் கொடுத்தார். அதனால் மைதானத்தில் எல்லோரும் மூட்டை என்றே சொன்னார்கள். மூன்றாவது மூட்டையிலிருந்து கிளம்பி, அடிக்கிறவன் நிற்கும் பலகையை மிதித்துவிட்டால் ஒரு ரன். இதைப் பார்த்துப் பொறுக்காமல் ஆவடி கோமதி ஸ்பிரிங்ஸ் முதலாளியும் ஒரு டீம் வைத்தார். பொறாமையில்தான் நம் பக்கத்தில் பாதி தொழில் வளர்ந்தது, விளையாட்டு வளர்ந்ததில் ஆச்சரியமில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு கம்பெனிக்கும் சமநிலை, கடைசி ஆட்டம். மூன்றாவது மூட்டையில் நின்றவன் வரதன். கொரட்டூர் ஸ்டேஷனில் புறப்பட்டுவிட்ட ரயிலை ஓடிப் பிடிக்கிறவன் என்று அவனுக்குப் பெயர். அந்த ஓட்டத்தைப் பார்த்துத்தான் கலைமணி கம்பெனி அவனை எடுத்தது. எடுத்தது என்றால் தற்காலிகமாக. சில மாதத்துக்கு ஒருமுறை நிறுத்துவார்கள், ஒரு வாரம் வீட்டில் உட்காரவைத்து மறுபடி எடுப்பார்கள். தொடர்ந்து வேலை செய்தால் நிரந்தரம் கேட்டுவிடுவானே. இப்படி நான்கு வருஷம் போயிருந்தது. ஆட்டத்துக்கு முன் பர்சனல் மேனேஜர் ஜானகிராமன் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, ஜெயித்தால் பெர்மனென்ட் என்று சொல்லியிருந்தார். வரதனின் மனைவி நாகவல்லிக்கு அப்போது நான்காம் மாதம். மைதானத்து ஓரத்தில் சாப்பாட்டுத் தூக்கோடு உட்கார்ந்து, புருஷன் பலகையை மிதிப்பதைப் பார்க்கக் காத்திருந்தாள்.

பேஸ்பாலில் ஒரு விதி உண்டு. அடித்த பந்து ஆகாயத்தில் இருக்கும்போது மூட்டையில் நிற்கிறவன் காலை எடுக்கக் கூடாது. எதிராளி யாராவது பந்தைத் தொட்ட பிறகுதான் ஓடலாம். அவசரப்பட்டு முன்னாலேயே ஓடி, பிறகு பந்து பிடிபட்டால் அவன் அவுட். அதனால் வரதன் இடது காலை மூட்டையில் வைத்து, முன்னால் குனிந்து, ஓடத் தயாராக நின்றான். பந்துக்கு நேர் கீழே ஆவடி டீமின் தேவராஜ் கிளவுஸை விரித்துக்கொண்டு நின்றான். மற்றவர்கள் வீட்டுக்குப் போனார்கள். இவர்கள் இரண்டு பேரும் நின்றார்கள். மூன்றாம் நாள் தேவராஜுக்கு அவன் கம்பெனியிலிருந்து சம்பளம் வெட்டு என்று ஆள் வந்தது. அவன் வரதனிடம் வந்து, “மாமே, நான் போய்ட்டு வர்றேன். அது இறங்கற மாதிரி இருந்தா ஒரு குரல் குடு, ஓடியாந்துர்றேன்” என்று சொல்லிவிட்டுப் போனான்.

அன்றைக்கே வரதனும் போயிருக்கலாம். போகவிடாமல் தடுத்தது ஜானகிராமன். அவர் மூட்டைக்குப் பக்கத்தில் வந்து நின்று, வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, “வரதா, மேட்ச் கம்பெனி டூட்டி. டூட்டி முடியாம இடத்தை விட்டு நகர்ந்தா, நீயா வேலையை விட்டுட்டதா அர்த்தம். பார்த்துக்கோ” என்றார். உடனே யூனியன் தலைவர் உத்தமன் கொடியோடு வந்தார். நிற்பது டூட்டி என்றால் நிற்பதற்குச் சம்பளம் கொடு என்று வாயிற்கூட்டம் போட்டார். ஒரு வாரப் பேச்சுவார்த்தைக்குப் பிறகு ஒப்பந்தம் ஆனது: பந்து இறங்குகிறவரை வரதன் மூட்டையில் நிற்பான், நின்ற நேரமெல்லாம் வேலை நேரம். உத்தமனுக்கு மாலை போட்டார்கள். வரதனுக்கும் ஒரு மாலை, அவனைத் தூக்க முடியாததால் நின்ற இடத்திலேயே போட்டார்கள். அன்று நாகவல்லி மட்டும்தான் கேட்டாள், “அப்போ ஊட்டுக்கு எப்போ வருவே?”

“பெர்மனென்ட் ஆவட்டும் நாகு. ஆனதும் வந்துர்றேன்.”

வெயிலுக்கும் மழைக்கும் மூன்று பக்கம் தகரம் அடித்து மேலே ஒரு கூரை போட்டுக்கொடுத்தது கம்பெனி. மற்றக் காரியங்களுக்கு அவன் என்ன செய்தான் என்று கேட்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஒரு காலை மூட்டையில் வைத்துக்கொண்டு செய்ய முடியாத காரியம் மனிதனுக்கு மிகக் குறைவு. குளித்தான், சவரம் செய்துகொண்டான், மூட்டையைத் தலையணையாக்காமல் காலணையாக்கித் தூங்கினான். டைம் ஆபீஸ் கங்காதரன் தினமும் காலையில் வந்து, இருக்கிறாயா என்று கேட்டு வருகை குறித்துக்கொண்டு போனார். இந்தக் கங்காதரன் ஓய்வு நேரத்தில் வாரப் பத்திரிகைகளுக்கு விஞ்ஞானக் கதை எழுதுகிறவர். செவ்வாய்க் கிரகத்தில் நடக்கிற அவர் கதைகளிலும் ஷிப்ட் மாறும்போது சங்கு ஊதும். அவர் ஒருநாள் பந்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, “பந்துக்குன்னு தனியா ஒரு நேரம் கீது வரதா. நமக்குத்தான் மாசம் ஓடுது. அதுக்கு இன்னும் ஒரு நிமிஷம்கூட ஆவல” என்றார். வரதனுக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. பந்தின் கணக்கில் பார்த்தால் அவன் இன்னும் வீட்டுக்குத் தாமதமாகவே போகவில்லை.

1984 ஜூலையில் மகள் பிறந்தாள். கஸ்தூரி என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைப்பதை மைதானத்திலேயே வைத்துக்கொண்டார்கள். குழந்தையின் காதில் பெயரைச் சொல்லும்போதும் அவன் இடது கால் மூட்டையில் இருந்தது. நின்ற நாளெல்லாம் இடைவெளியில்லாத வேலைநாளாகச் சேர்ந்து, 1986ல் பெர்மனென்ட் ஆனான். நின்ற இடத்தில் ஆர்டரை வாங்கினான், ஆபரேட்டர் என்று போட்டிருந்தது. எந்த மெஷினுக்கு என்று போடவில்லை. நாகவல்லி இனிப்போடு வந்து, கிளம்பு என்றாள். இப்போதுதானே பெர்மனென்ட் ஆகியிருக்கிறேன், ஆனதுமே டூட்டியை விட்டு வந்தால் மேலே இருப்பவர்கள் என்ன நினைப்பார்கள், அடுத்த ஒப்பந்தத்தில் சீனியாரிட்டி பார்க்கப்போகிறார்கள், அது முடியட்டும் என்றான் வரதன். தற்காலிகமாக இருந்தவன் இழந்துவிடுவோம் என்று பயந்தான் என்றால் நியாயம் இருக்கிறது. கையில் வந்த பிறகு பயம் இரண்டு மடங்கு ஆகும் என்பது வந்தவர்களுக்குத்தான் தெரியும். நம் எஸ்டேட்டில் மூட்டை இல்லாமலே அப்படி நின்றவர்கள் ஆயிரம் பேர். அவர்களைப் பார்க்க யாரும் வருவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அன்று இனிப்பு டப்பாவைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனவள் வழியெல்லாம் அழுதாள். அழுது முடித்ததும் அவளுக்கு அவள் அப்பன் துலுக்கானம் ஞாபகம் வந்தது. பருத்திப்பட்டு ஏரிப் பாசனத்தில் நிலம் வைத்திருந்த குடும்பம் அவர்களுடையது. துலுக்கானம் வருஷா வருஷம் நடவுக்கு முன் சேடை ஓட்டும்போது, பக்கத்து நிலத்துப் பங்காளியோடு பொதுவான வரப்பில் தன் பக்கத்தை ஒரு விரற்கடை செதுக்கி அந்தப் பக்கத்தில் மண்ணைச் சேர்த்துவிடுவார். ஒரே நாளில் ஒரு முழம் வெட்டினால் பஞ்சாயத்து கூடும். ஒரு விரற்கடை வெட்டினால் வரப்புக்கே தெரியாது. இப்படியே அவர் சாவதற்குள் பங்காளியின் கிணறு இவர் நிலத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. பருத்திப்பட்டில் இதைத் திருட்டு என்று யாரும் சொல்வதில்லை, வரப்பு நடக்கிறது என்று சொல்வார்கள். துலுக்கானத்தின் மகன்களுக்கு இந்தக் கலை வரவில்லை. மகளுக்கு வந்திருந்தது.

முந்தைய வருஷத்துப் பெருமழையில் மைதானம் குளமாகி, மூட்டையை இறுக்கியிருந்த முளைகள் தளர்ந்திருந்தன. மறுநாள் மதியம் சோறு கொண்டுவந்த நாகவல்லி, அவன் சாப்பிடக் குந்தியதும், குனிந்து மூட்டையை இரண்டு கையாலும் கிழக்கே தள்ளினாள். ஒரு சாண் நகர்ந்தது. வரதன் பதறிப்போய்க் காலால் மூட்டையை அழுத்தினான்.

“இன்னா பண்றே நீ?”

“உன் காலு மூட்டை மேல கீதா இல்லியா?”

“கீது.”

“அப்போ சும்மா துன்னு. கால எடுக்கக் கூடாதுன்னுதான் சட்டம். மூட்ட நவுரக் கூடாதுன்னு எவனாச்சும் சொன்னானா?”

அவன் யோசித்துப் பார்த்தான். யாரும் சொல்லவில்லை. சாப்பிட்டான். மறுநாள் ஒரு சாண், அதற்கு மறுநாள் ஒரு சாண். உடம்புக்கு முடியாத நாள், வீட்டில் விசேஷம் இருக்கிற நாள், புயல் நாள் தவிர மற்ற எல்லா நாளும் ஒரு சாண். தகரத்தையும் கூடவே நகர்த்திக்கொண்டாள். கிழக்கே கொரட்டூர் பக்கம் ஒரு லைன் வீட்டில்தான் அவர்கள் குடியிருந்தார்கள். நடந்து போனால் இரண்டு பீடி பிடித்து முடிக்கிற தூரம். ரயிலை ஓடிப் பிடித்தவன் அந்த இரண்டு பீடி தூரத்தைக் கடக்கப் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

கம்பெனியில் யாருக்கும் தெரியவில்லை என்று சொல்வது பாதிதான் உண்மை. ஜானகிராமனின் ஜன்னலில் இருந்து பார்த்தால் தகரக்கூரை முதலில் வேப்பமரத்துக்கு இந்தப் பக்கம் தெரிந்தது, பிறகு அந்தப் பக்கம் தெரிந்தது. மரம் நகர்ந்திருக்கும் என்று அவர் நினைத்துக்கொண்டார். மூட்டை நகர்ந்தது என்று ஒப்புக்கொண்டால் விசாரணை வைக்கவேண்டும், விசாரணை வைத்தால் யூனியன் வரும். 1988ல் மூட்டை காம்பவுண்டுச் சுவரை அடைந்தபோது, ரிவர்ஸில் வந்த லாரி ஒன்று சுவரை இடித்துத் தள்ளியது. லாரி டிரைவர் நாகவல்லிக்கு அண்ணன் முறை என்பதை நான் இங்கே சும்மா சொல்லிவைக்கிறேன். மெயின் ரோட்டைக் கடக்க ஒரு மழைக்காலம் முழுவதும் ஆனது. நடு ரோட்டில் கூரை போட்டு ஒரு ஆள் நின்றதால் பஸ்கள் அங்கே வேகத்தைக் குறைத்தன, குறைத்ததால் ஜனங்கள் அங்கே ஏறினார்கள், ஏறியதால் அது ஒரு ஸ்டாப்பிங் ஆனது. வரதன் ரோட்டைத் தாண்டிப் போன பிறகும் ஸ்டாப்பிங் அங்கேயே இருந்தது. 1991ல் ஏரிக் கால்வாயில் இறங்கிக் கணுக்கால் தண்ணீரில் நின்றான். காலில் சேற்றுப்புண் வந்தது. அந்தக் கால்வாயில் நின்றபடியே சீனியர் ஆபரேட்டர் ஆனான்.

பிறகு தெருக்கள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் மாதக்கணக்கில் நிற்கவேண்டியிருந்தது. முதலில் ஜனங்கள் முகம் சுளித்தார்கள், அப்புறம் பழகி, கடைக்குப் போகும்போது வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். யார் வீட்டில் மாமியார் அழுகிறாள், யார் வீட்டு டி.வி. தவணை கட்டாமல் திரும்பிப் போயிற்று, எந்தப் பையன் எந்தப் பெண்ணுக்காகச் சைக்கிள் மணி அடிக்கிறான், எல்லாம் அவனுக்குத் தெரியும். யாரிடமும் சொல்லமாட்டான். தேவராஜ் அதற்குள் ஆவடி வேலையை விட்டுவிட்டு, கலைமணி மைதானத்தில் பந்துக்கு நேர் கீழே ஒரு டீக்கடை போட்டிருந்தான். கிளவுஸ் கல்லாவுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கியது. சாயங்காலம் தூக்கில் டீ எடுத்துக்கொண்டு வரதனைத் தேடி வருவான். வர வரத் தூரம் அதிகமாகிக்கொண்டே போனது.

“மச்சான், நெஞ்சைத் தொட்டுச் சொல்லு. அது இறங்கும்னு நீ நம்பறியா?” என்று ஒருநாள் கேட்டான்.

“இறங்காம பூடுமா? மேல போனது கீழ வந்துதானே ஆவணும்.”

“வந்தா நான் புடிச்சிருவேன். அப்பால நீ இங்கருந்து எங்க ஓடுவே? பலகை அங்கல்ல கீது.”

அன்றிரவு முழுக்க வரதன் தூங்கவில்லை. பந்து இறங்கினால் வீட்டை விட்டு எதிர்ப்பக்கம் ஓடவேண்டும், இறங்காவிட்டால் நிற்கவேண்டும். கிணற்றுக்குள் விழுந்தவனுக்கு மேலேயாவது ஒரு வழி இருக்கும். இவனுக்கு நாலு பக்கமும் திறந்திருந்தது, ஒரு பக்கமும் போக முடியவில்லை.

1993ல் கதவடைப்பு, 1995ல் கம்பெனியையே மூடினார்கள். நாகசாமி சார் எப்போதோ ஜப்பானுக்குத் திரும்பிவிட்டிருந்தார், அவர் மெஷின் பழைய இரும்புக்குப் போனது. எல்லோருக்கும் கணக்குத் தீர்த்தார்கள். வரதனுக்கு மட்டும் தீர்க்க முடியவில்லை, ஏனென்றால் அவன் டூட்டியில் இருந்தான். டூட்டியில் இருக்கிறவனை எப்படி அனுப்புவது என்று கோர்ட்டில் கேஸ் ஆனது. உத்தமன் தெருவரைக்கும் தேடி வந்து, அவன் தோளைத் தட்டி, “வரதா, கேஸ் நம்ம பக்கம்தான். தீர்ப்பு வர்ற வரைக்கும் கால மட்டும் எடுத்துறாத” என்று சொல்லிவிட்டு, தன் பணி ஓய்வுக்குப் போட்டிருந்த மாலையைக் கழற்றி ஆட்டோவில் வைத்துக்கொண்டு போனார். சம்பளமும் நின்றது. வரதன் நிற்பது மட்டும் நிற்கவில்லை. நாகவல்லி எஸ்டேட்டில் ஏற்றுமதிச் சட்டை தைக்கிற கம்பெனிக்கு வேலைக்குப் போனாள். விடிகாலையில் ஒரு சாண் தள்ளிவிட்டு, சோற்றை வைத்துவிட்டு, ஓட்டமாக ஓடிப் பஸ்ஸைப் பிடிப்பாள். இப்போது அந்த வீட்டில் ஓடுகிற ஆள் அவள்தான்.

1997 பொங்கலுக்கு மறுநாள் மூட்டை அவர்கள் வீட்டு நிலைப்படியைத் தொட்டது. லைன் வீட்டுக்காரர்கள் எல்லாம் கூடினார்கள். எதிர்வீட்டுப் பொன்னம்மாள் ஆரத்தி கரைத்து எடுத்து வந்தாள். இன்னும் ஒரு சாண் தள்ளினால் உள்ளே. நாகவல்லி குனிந்தாள். மூட்டையில் கையை வைத்தாள். தள்ளாமலே நிமிர்ந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“இதுக்கு மேல நான் தள்ள மாட்டேன்.”

“இன்னா நாகு, இன்னும் ஒரு சாணு தானே?”

“அந்த ஒரு சாணு உன்னுது. மூட்டயோட உள்ள வந்தீன்னா ஊடும் கம்பெனிதான். நீ வர்றதா இருந்தா வா. மூட்ட வெளியதான் கெடக்கும்.”

ஆரத்தித் தட்டு தெருவில் ஆறியது. ஜனங்கள் ஒருவர் பின் ஒருவராகக் கலைந்தார்கள். வரதன் வாசலில் நின்றான். பத்து வருஷத்துக்கு மேல் தள்ளியவளுக்கு அந்த ஒரு சாணில் என்ன வைராக்கியம் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். எனக்கும் அப்போது அவள் மேல் கோபம்தான். பிறகு யோசித்துப் பார்த்தால், அவள் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட மாற்ற முடியவில்லை.

ஒரு வருஷத்துக்கு மேல் வாசலிலேயே நின்றான். இதுவரை நின்றதெல்லாம் நிற்பதே இல்லை, இதுதான் நிற்பது என்று அவனே பின்னால் தேவராஜிடம் சொல்லியிருக்கிறான். உள்ளே அவன் கல்யாண போட்டோ மாட்டியிருந்தது. மின்விசிறி சுற்றியது. அவனுக்கென்று வாங்கிவைத்த பாய் சுருட்டினபடி மூலையில் சாய்ந்திருந்தது. தட்டு வாசலுக்கு வந்தது, தண்ணீர் வாசலுக்கு வந்தது. கஸ்தூரி பள்ளிக்கூடம் விட்டு வந்து, அவனைச் சுற்றிக்கொண்டு உள்ளே போவாள். அந்த வருஷம் அவள் பெரியவளானாள். வீட்டுக்குள் தென்னங்கீற்றுக் கட்டி உட்காரவைத்தார்கள், மஞ்சள் நீர் ஊற்றினார்கள். மாமன் கொண்டுவந்த பட்டுப்பாவாடையைக் கட்டிக்கொண்டு பெண் எழுந்து நின்றது. பெற்றவன் ஆசீர்வாதம் பண்ணவேண்டும் என்று யாரோ சொன்னார்கள். வரதன் நிலைப்படிக்கு வெளியே இருந்து கையை எட்டும்வரை நீட்டினான். எட்டவில்லை.

“நைனா, உள்ள வாயேன்” என்றாள் கஸ்தூரி. “ஒரே ஒரு நிமிசம். நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.”

அவன் குதிகால் மூட்டையை விட்டு எழும்பியதை எல்லோரும் பார்த்தார்கள். ஆனால் கால்விரல்கள் மூட்டையை விடவில்லை. கடைசியில் கஸ்தூரிதான் தன் தலையை வாசல்வரை கொண்டுவந்து அவன் கைக்குக் கீழே வைத்தாள். வந்திருந்த பெண்கள் எல்லோரும் அழுதார்கள். நாகவல்லி அழவில்லை. அவள் அடுப்படியில் பாயசத்தைக் கிண்டிக்கொண்டே இருந்தாள். பாயசம் அடிபிடித்துவிட்டது என்று பின்னால் பேசினார்கள்.

1998 ஜூனில், பள்ளிக்கூடம் திறந்த வாரம், ஒரு காலையில் கஸ்தூரி கிளம்பிப் போன பிறகு, நாகவல்லி அடுப்பைப் பற்றவைத்துப் பாலை ஏற்றினாள். ஏற்றிவிட்டு, குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, நிலைப்படியில் நின்றவனைச் சுற்றித் தெருவில் இறங்கிக் குழாயடிக்குப் போனாள். அன்று குழாயில் தண்ணீர் வருகிற நாள் இல்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு அந்த இடத்தைவிட்டு நகர்கிறவளும் அவள் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் வீட்டில் பால் பொங்கி வழிந்ததே கிடையாது என்று பொன்னம்மாள் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வாள்.

வரதன் வாசலில் நின்று பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தான். பால் வாசனை வந்தது. திரும்பிப் பார்த்தான். பாத்திரத்தின் ஓரத்தில் நுரை கட்டியிருந்தது. “நாகு! பாலு!” என்று கத்தினான். நுரை மேலே வந்தது. “பொன்னம்மாக்கா, பாலு பொங்குது, கொஞ்சம் வந்து நிறுத்தேன்!” பொன்னம்மாள் தன் வாசலில் கீரையை ஆய்ந்துகொண்டு, கேட்டும் கேட்காதவளாக இருந்தாள். நுரை விளிம்பைத் தொட்டது. அவன் ஐயோ என்றான். அடுத்த கணம் அடுப்புக்கு முன்னால் இருந்தான். அடுப்பின் குமிழைத் திருகி அணைத்தான், முந்திக்கொண்டு வழிந்த பாலைக் கரித்துணியால் ஒற்றி எடுத்தான். சூடு பட்ட விரலைக் காதுமடலில் வைத்துக்கொண்டான். அப்புறம்தான் கீழே பார்த்தான். இரண்டு காலும் சிமெண்டுத் தரையில் இருந்தன.

அவன் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தான். எங்கேயோ பந்து விழுகிற சத்தம் கேட்கும், யாரோ அவுட் என்று கத்துவார்கள், வாசலில் ஜானகிராமன் செருப்புச் சத்தம் வரும் என்று. தெருவில் உப்பு விற்கிறவர் போனார். பட்டரவாக்கம் பக்கம் ரயில் ஒன்று கூவியது. பின்பக்கத்து ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தான். மேற்கே, எஸ்டேட்டுக்கு மேல், வெயிலில் சிறியதாக, பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. ஒன்றும் ஆகவில்லை. முதல் நாளே வந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. அது புரிந்ததும் அவனுக்குச் சந்தோஷம் வரவில்லை. பயம்தான் வந்தது, பிறகு கோபம், பிறகு வாய்விட்டு அழுகை. அடுப்படியில் கரித்துணியோடு உட்கார்ந்து, பொன்னம்மாள் வீட்டுக்குக் கேட்கும்படி அழுதான்.

நாகவல்லி காலிக்குடத்தோடு திரும்பி வந்தாள். வாசலில் மூட்டை மட்டும் இருந்தது. அதைத் தாண்டி உள்ளே வந்தாள். குடத்தை இறக்கினாள். தரையில் வழிந்திருந்ததைப் பார்த்தாள்.

“பொங்கிட்ச்சா?”

“பாதி பூட்ச்சு.”

“போனா போவுது” என்றாள். “மீதியில டீ போடு. எனக்கும் சேத்து.”

அவனுக்கு டீ போடத் தெரியவில்லை. சர்க்கரை எந்த டப்பாவில் இருக்கிறது என்றுகூடத் தெரியவில்லை. அவள் சொல்லச் சொல்லப் போட்டான்.

மைதானத்தில் இப்போது அடுக்குமாடி வந்துவிட்டது. பந்து இருக்கிற உயரம் குறுக்கிடுகிறது என்று கட்டுகிறவர்கள் ஒரு மாடியைக் குறைத்துக்கொண்டார்கள். மொட்டைமாடியில் நின்று கையைத் தூக்கினால் தொட்டுவிடலாம், ஆனால் குடியிருப்பவர்களில் யாரும் தொட்டதில்லை. அதற்குக் கீழே வடாம் காயவைத்தால் காக்கை வருவதில்லை என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியும். தேவராஜின் டீக்கடை கேட்டுக்கு வெளியே நகர்ந்தது. கங்காதரன் இதை ஒரு கதையாக எழுதி அனுப்பினார். நம்பும்படியாக இல்லை என்று திரும்பி வந்தது. கேஸ் இன்னும் நடக்கிறது. வரதன் முகப்பேரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ஓட்டம் சொல்லித்தருகிறான், சாயங்காலம் நேராக வீட்டுக்கு வருகிறான். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகிறான். தூக்கத்தில் மட்டும் அவன் இடது கால் தானாக நீண்டு எதையோ தேடும். நாகவல்லி விழித்துக்கொள்ளாமலே தன் காலை அதன் கீழே வைப்பாள். அதற்குப் பிறகு அது தேடுவதில்லை.